ஜெர்மனிக்குப் பிள்ளைகளோடு செல்வோர் நான்காம் வகுப்பைப் பற்றித் தெரிந்துகொண்டு செல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியில் தமிழக இளைஞர்களுக்குக் கிடைக்கும் வேலைவாய்ப்புகள் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மைக் காலமாகத் தொடர்ந்து செய்திகளும் கட்டுரைகளும் வெளிவருகின்றன. இந்தியத் திறன்பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் விசாக்களின் எண்ணிக்கையை 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்த பிறகு, மொழித் தேர்வு, சம்பளம், வரி, வாடகை, குளிர்காலத் துணிமணி வரை எல்லாவற்றைப் பற்றியும் யாராவது ஒருவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்படும் குடும்பங்களுக்கு இவை எல்லாவற்றையும்விட நீண்ட காலத்துக்குப் பலன் தரக்கூடியதும், தவறவிட்டால் நெடுங்காலம் வருத்தக்கூடியதுமான பள்ளி அமைப்பைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. பவேரியா மாநிலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய் என்ற முறையிலும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு வரும் புதிய பெற்றோருக்கு ஆசிரியர் சந்திப்புகளில் மொழிபெயர்த்து உதவுகிறவள் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது, ஜெர்மனி முழுமைக்கும் பொதுவான ஒரே பள்ளிக் கல்வி முறை இல்லை என்பதுதான். 16 மாநிலங்களுக்கும் கல்வி தனித்தனி அதிகாரம். ஹாம்பர்க்கில் இருக்கும் உறவினர் சொல்வது மியூனிக்கில் பொருந்தாது. பெர்லினில் வசிக்கும் நண்பரின் அனுபவம் ஸ்டுட்கார்ட்டில் உதவாது. பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் தொடக்கப் பள்ளி ஆறு ஆண்டுகள். மற்ற மாநிலங்களில் நான்கே ஆண்டுகள். ஹாம்பர்க்கில் தொடக்கப் பள்ளியை ஆறு ஆண்டுகளாக நீட்டிக்க அரசு முனைந்தபோது, 2010-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் அதை நிராகரித்துவிட்டார்கள். இந்நாட்டவர்களே இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கும் விஷயம் இது என்பதற்காகத்தான் அதைக் குறிப்பிடுகிறேன். எனவே, இனி நான் எழுதுபவை பவேரியாவைப் பற்றியவை என்று வாசகர்கள் கொள்ள வேண்டும்.

நம் ஊரில் ஒரு பிள்ளையின் பாதை பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிரிகிறது. உண்மையில் பன்னிரண்டாம் வகுப்பில்தான் முடிவாகிறது. பவேரியாவில் அது நான்காம் வகுப்பில், பிள்ளைக்குப் பத்து வயது நடக்கும்போது பிரிகிறது. ஐந்தாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் மூன்று வகைப் பள்ளிகளுக்குப் பிரிந்து செல்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு நேராக இட்டுச் செல்லும் அபிட்டூர் தேர்வு வரை நடத்துவது கிம்னாசியம். பத்தாம் வகுப்புடன் நிறைவுபெறும் இடைநிலைப் பள்ளி ரியால்ஷூலே. ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்போடு தொழிற்பயிற்சிக்கு அனுப்புவது மிட்டல்ஷூலே. எந்தப் பள்ளி என்பதைத் தீர்மானிப்பவை நான்காம் வகுப்பில் ஜெர்மன், கணிதம், சூழலியல்-சமூகவியல் ஆகிய மூன்று பாடங்களில் பெறும் மதிப்பெண்களின் சராசரி. இங்கே 1 என்பது மிக உயர்ந்த மதிப்பெண், 6 என்பது மிகத் தாழ்ந்தது. சராசரி 2.33 அல்லது அதைவிடச் சிறப்பாக இருந்தால் கிம்னாசியம், 2.66 வரை இருந்தால் ரியால்ஷூலே. மே மாதத் தொடக்கத்தில் கையில் கொடுக்கப்படும் ஒரு சான்றிதழில் இது எழுதப்பட்டிருக்கும்.

எட்டு வயதில் கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்றாம் வகுப்பில் சேரும் ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். பெருக்கல் வாய்ப்பாட்டில் அவன் வகுப்பிலேயே முதல்வனாக இருக்கலாம். ஆனால் கணிதத் தேர்வின் வாக்கியக் கணக்குகள் ஜெர்மன் மொழியில் இருக்கின்றன. சூழலியல் பாடத்தின் காடும் நீர்ச்சுழற்சியும் ஊராட்சி நிர்வாகமும் ஜெர்மன் மொழியில் இருக்கின்றன. மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் ஜெர்மன் பாடத்துக்கே உரியது. அவனுக்குக் கிடைக்கும் கால அவகாசம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. அதே இரண்டு ஆண்டுகளில் பெற்றோர் வேலையில் நிலைபெற வேண்டும், வீடு தேட வேண்டும், தாமும் மொழி கற்க வேண்டும். நான்காம் வகுப்பு இப்படிப்பட்ட வகுப்பு என்பதையே பலர் அந்தச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் அறிகிறார்கள். இது அவர்களின் அலட்சியம் அல்ல. சொல்ல வேண்டியவர்கள் எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இங்கே ஒரு விதியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தகுதியுடைய குடும்பங்கள்கூட இதை அறியாமல் விட்டுவிடுகின்றன. ஜெர்மன் தாய்மொழியல்லாத ஒரு பிள்ளை முதல் வகுப்பிலிருந்தே ஜெர்மன் தொடக்கப் பள்ளியில் படித்திராவிட்டால், அதன் சராசரி 3.33 வரை இருந்தாலும் கிம்னாசியத்துக்கோ ரியால்ஷூலேக்கோ தகுதியுடையதாகப் பள்ளி தீர்மானிக்க இடமுண்டு. மதிப்பெண் குறைவுக்கு ஜெர்மன் மொழிக் குறைபாடே காரணம், அது காலப்போக்கில் சரியாகிவிடக்கூடியது என்று ஆசிரியர்கள் கருத வேண்டும் என்பதே நிபந்தனை. இது தானாக வந்து சேரும் உரிமை அல்ல, ஆசிரியர்களின் மதிப்பீட்டைப் பொறுத்தது. ஆகவே வகுப்பாசிரியரிடம் இதைப் பற்றி ஜனவரி மாதத்துக்கு முன்பே பேசத் தொடங்க வேண்டும். அம்மாதத்தில்தான் அதுவரையிலான மதிப்பெண் நிலவரத்தைப் பள்ளி பெற்றோருக்கு எழுத்தில் தருகிறது. இவ்வழியும் அமையாவிட்டால், சேர விரும்பும் பள்ளியில் மே மாதம் மூன்று நாள் நடக்கும் சோதனை வகுப்பில் ஜெர்மனையும் கணிதத்தையும் எழுதித் தகுதியை நிரூபிக்கலாம். அதில் ஒன்றில் 3, மற்றொன்றில் 4 பெற்றால் போதும். இரண்டிலும் 4 பெற்றிருந்தால்கூட முடிவெடுக்கும் உரிமை பெற்றோரிடம் வந்துவிடுகிறது. மொழி தெரியாத காரணத்தால் அச்சம்கொண்டு சோதனை வகுப்புக்கே அனுப்பாத பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். அனுப்புங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்வேன்.

மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வு மட்டும் அடங்குவதில்லை என்பது நம்மவர்களுக்குப் பிடிபட நெடுநாள் ஆகிறது. வகுப்பில் பிள்ளை கையுயர்த்திப் பேசுகிறதா, கேள்வி கேட்கிறதா, மற்றவர் சொன்னதை மறுத்துத் தன் கருத்தைச் சொல்கிறதா என்பதையும் ஆசிரியர் கவனித்து மதிப்பிடுகிறார். கேட்டால் மட்டும் பதில் சொல், பெரியவர் பேசும்போது வாய் திறக்காதே என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகள் மரியாதையின் பொருட்டு அமைதியாக அமர்ந்திருக்கிறார்கள். ஆசிரியரோ அந்த அமைதியைப் பாடம் புரியாமையாகவோ ஆர்வமின்மையாகவோ எடுத்துக்கொள்கிறார். இதில் இரு தரப்பிலும் கெட்ட எண்ணம் இல்லை. ஆயினும் விளைவு பிள்ளையின் மதிப்பெண்ணில் விழுகிறது. "இன்று என்ன மார்க் வாங்கினாய்" என்று கேட்பதோடு, "இன்று வகுப்பில் என்ன பேசினாய்" என்றும் வீட்டில் கேட்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுமாறு நான் எல்லாப் பெற்றோரையும் வேண்டுகிறேன். ஆசிரியரிடமும், எங்கள் வீட்டு வழக்கம் இது, இவன் பேசத் தயங்குவதற்குக் காரணம் இது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலான ஆசிரியர்கள் அதை நன்றியோடு கேட்டுக்கொள்கிறார்கள்.

மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளோடு வருவோர் இன்னொரு வகையில் தடுமாறுகிறார்கள். நம் ஊரில் எல்.கே.ஜி.யிலேயே எழுதத் தொடங்கிவிட்ட பிள்ளை, இங்கே கிண்டர்கார்டனில் மணலில் விளையாடுவதையும் மழையில் நனைந்து நடப்பதையும் பார்த்து, இதற்கு வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமே என்று தாய்மார்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். எழுத்தும் எண்ணும் முறையாகத் தொடங்குவது ஆறு வயதில், முதல் வகுப்பில்தான். அதுவரை கிண்டர்கார்டன் தருவது வேறு எங்கும் கிடைக்காத ஒன்று, அதாவது சம வயதுப் பிள்ளைகளோடு பேசிப் பேசி வரும் ஜெர்மன் மொழி. நான்கு வயதில் கிண்டர்கார்டனுக்குப் போன பிள்ளையும், ஆறு வயதில் நேராக முதல் வகுப்புக்கு வந்த பிள்ளையும் நான்காம் வகுப்பில் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதைத் தமிழ்ப் பள்ளியில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பள்ளியில் சேர்வதற்கு முந்தைய ஆண்டுகளில் மொழித்துணை தேவைப்படும் பிள்ளைகளுக்கென 240 மணி நேர ஜெர்மன் முன்வகுப்பும் பவேரியாவில் உண்டு. கிண்டர்கார்டனில் இடம் கிடைப்பதுதான் கடினம். வேலைக்கான ஒப்பந்தம் கையில் வந்த உடனேயே இணையவழி விண்ணப்பித்துவிட வேண்டும்.

வீட்டில் தமிழை விட்டுவிட்டுத் தெரிந்த அரைகுறை ஜெர்மனிலேயே பிள்ளையோடு பேசினால் அது விரைவாகக் கற்றுக்கொள்ளும் என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். இதை நான் முழுமனதோடு மறுக்கிறேன். வீட்டில் செறிவான தமிழில் கதை கேட்டு, காரணம் கேட்டு, வாதாடி வளரும் பிள்ளை, அந்தச் சிந்தனையை அப்படியே ஜெர்மனுக்குக் கொண்டு செல்கிறது. தாய் தந்தையின் பிழையான ஜெர்மனைக் கேட்டு வளரும் பிள்ளைக்கோ இரு மொழியும் முழுமையாக அமைவதில்லை.

நடைமுறைச் செய்திகள் சிலவற்றைச் சுருக்கமாகவாவது சொல்லிவிட வேண்டும். தொடக்கப் பள்ளியை நாம் விரும்பியபடி தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டு முகவரியே பள்ளியைத் தீர்மானிக்கிறது, எனவே வீடு பார்க்கும்போதே அந்தப் பகுதியின் பள்ளியையும் விசாரித்துவிடுவது நல்லது. அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. வீட்டிலேயே வைத்துப் படிக்க வைப்பதற்குச் சட்டம் இடம் தருவதில்லை. விமானக் கட்டணம் குறைவு என்பதற்காக விடுமுறை தொடங்கும் முன்பே பிள்ளையை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டால் அபராதம் விதிக்கப்படலாம். 2018-இல் பவேரியாவில் மெம்மிங்கன் விமான நிலையத்தில் போலீசார் இப்படிப் பள்ளிப் பிள்ளைகளோடு வந்த குடும்பங்களைச் சோதித்தது அங்கே பெரிய செய்தியானது. புரியாத எந்தப் படிவத்திலும் பள்ளியில் கையெழுத்திட வேண்டாம். குறிப்பாகச் சிறப்புக் கல்விப் பள்ளிக்கு மாற்றும் பேச்சு வந்தால், பிள்ளைக்கு இருப்பது கற்றல் குறைபாடா, வெறும் மொழிக் குறைபாடா என்பதைத் தெளிவாகக் கேட்டு, மதிப்பீட்டு அறிக்கையை வாங்கிப் படித்துப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். அத்தகைய சந்திப்புகளுக்குப் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். தன்னைப் பற்றிய குறையைத் தானே தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்லும் நிலைக்கு எந்தப் பிள்ளையையும் ஆளாக்கக் கூடாது.

ஆண்டுத் தொடக்கத்தில் மாலை வேளையில் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு மொழி புரியாவிட்டாலும் கட்டாயம் செல்ல வேண்டும். நான்காம் வகுப்புக்குப் பின் உள்ள பாதைகளை விளக்கும் கூட்டங்கள் மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகின்றன. வராத பெற்றோரைப் பற்றி, இவர்களுக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறையில்லை என்ற எண்ணம் ஆசிரியர்களிடையே எளிதில் உருவாகிவிடுகிறது. படிப்புக்காகச் சொத்தை விற்கும் சமூகத்திலிருந்து வந்த நம்மைப் பார்த்து அப்படி ஒருவர் நினைக்க நேர்வது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

இனி, கிம்னாசியம் கிடைக்காத பிள்ளைகளைப் பற்றி. இதை எழுதுவதற்காகவே இக்கடிதத்தைத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். 2.33 கிடைக்காத நாளன்று நம் வீடுகளில் நடப்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளை தான் குடும்பத்துக்கு அவமானம் தேடித் தந்துவிட்டதாக நம்பத் தொடங்குகிறது. ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் உண்மையைச் சொல்லாமல் மறைக்கிறார்கள். இவ்வளவும் அமைப்பைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் வரும் துயரம். ஐந்தாம் வகுப்பின் முடிவில் நல்ல மதிப்பெண்ணோடு மிட்டல்ஷூலேயிலிருந்து ரியால்ஷூலேக்கோ கிம்னாசியத்துக்கோ மாற வழியுண்டு. ரியால்ஷூலேயில் பத்தாம் வகுப்பை முடித்தவர், பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளைத் தொழில்சார் மேல்நிலைப் பள்ளியில் படித்து, செயல்முறைக் கல்விக்கு முதன்மை தரும் பயன்முறைப் பல்கலைக்கழகங்களில் சேரலாம்; பதின்மூன்றாம் வகுப்பையும் முடித்து இரண்டாவது அயல்மொழியிலும் தேறினால் கிம்னாசியத்து அபிட்டூருக்கு நிகரான தகுதியோடு எந்தப் பல்கலைக்கழகத்திலும் எந்தப் பாடத்துக்கும் விண்ணப்பிக்கலாம். மிட்டல்ஷூலேயிலும் நல்ல மதிப்பெண் பெறுவோருக்குப் பத்தாம் வகுப்பு வரை செல்லும் தனிப் பிரிவு இருக்கிறது; அங்கிருந்தும் இதே பாதையில் இணையலாம். மருத்துவராகவோ பொறியாளராகவோ ஆவதற்கு இங்கே ஒரே வாசல் இல்லை. சுற்றி வரும் பாதையில் ஓரிரு ஆண்டுகள் கூடுதலாகலாம். மொழியில் பின்தங்கி வந்த பிள்ளைக்கு அந்த ஆண்டுகள் மூச்சுவிடும் நேரமாகவே அமைகின்றன.

இதேபோல அவுஸ்பில்டுங் எனப்படும் தொழிற்பயிற்சியை நம்மவர்கள் தாழ்வாக எண்ணுவதும் மாற வேண்டும். வாரத்தில் சில நாட்கள் நிறுவனத்திலும் சில நாட்கள் தொழிற்பள்ளியிலுமாக இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் நடக்கும் இப்பயிற்சி, 300-க்கும் மேற்பட்ட தொழில்களுக்கு முறையாக அங்கீகரிக்கப்பட்டது. பயிற்சிக் காலத்திலேயே ஊதியமும் உண்டு. வங்கி அலுவலர், மெகட்ரானிக்ஸ் வல்லுநர், ஆய்வகப் பணியாளர் எனப் பலரும் இவ்வழியில் வந்தவர்களே. தமிழகத்திலிருந்து செவிலியர்களாகச் செல்லும் நம் சகோதரிகள் இதை நேரிலேயே காணலாம்: அவர்களோடு அதே வார்டில் பணிபுரியும் ஜெர்மானியச் செவிலியர்களில் மிகப் பெரும்பாலோர் மூன்றாண்டு அவுஸ்பில்டுங் முடித்தவர்கள்தான்.

எனினும், இந்த அமைப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பல நாடுகளின் 15 வயது மாணவர்களின் கல்வித் திறனை ஒப்பிடும் பீசா (PISA) ஆய்வின் முதல் முடிவுகள் 2001 டிசம்பரில் வெளியாகி, பெற்றோரின் சமூக நிலைக்கும் பிள்ளையின் கல்வித் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு ஜெர்மனியில் மிக வலுவாக இருப்பதைக் காட்டி அந்நாட்டையே அதிர வைத்தன. பத்து வயதில் பிரிப்பது புலம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்கு அநீதி என்பதே என் உறுதியான கருத்து. பாடத்தில் திறமையும் மொழியில் பற்றாக்குறையும் கொண்ட பிள்ளையிடம் மொழியை அளந்துவிட்டுத் திறமையை அளந்ததாகச் சொல்லும் நிலை இதில் இருக்கிறது. அதை மாற்றும் வாக்குரிமை புதிதாக வந்தவர்களிடம் இல்லை. அது கிடைக்கும்வரை, உள்ள விதிகளை முழுமையாக அறிந்து பயன்படுத்துவதே நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யக்கூடிய நியாயம்.

பன்னாட்டுப் பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்பதால் தகவல் தொழில்நுட்பத் துறையினர் பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளிகளில் சேர்க்கிறார்கள். ஓரிரு ஆண்டில் ஊர் திரும்புவது உறுதி என்றால் அது பொருத்தமானதே. தங்கிவிடும் எண்ணம் சற்றேனும் இருந்தால், நிறுவனம் கட்டணத்தை நிறுத்தும் நாளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஜெர்மன் தெரியாமல் ஜெர்மன் பள்ளியின் வாசலில் நிற்க வேண்டிவரும் என்பதை எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஒன்பது, பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளைப் பாதியில் அழைத்து வருவது எல்லாவற்றையும்விடக் கடினமானது. அவர்கள் ஊரிலேயே பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பது பற்றிக் குடும்பத்தினர் தீவிரமாக யோசிக்க வேண்டும்.

1983-க்குப் பிறகு அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள் இதையெல்லாம் வழிகாட்ட ஒருவருமின்றித் தாமே கற்றுக்கொண்டார்கள். அவர்கள் ஊர் ஊராக நடத்திவரும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில், இதே வகுப்புகளில் படித்து மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் வளர்ந்த இரண்டாம் தலைமுறையினர் இன்று இருக்கிறார்கள். தமிழகத்திலிருந்து வருவோர் பலர் இவர்களை நாடுவதே இல்லை. வந்த முதல் மாதத்திலேயே அருகிலுள்ள தமிழ்ப் பள்ளிக்குச் சென்று விசாரியுங்கள். என் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆலோசனைகள் யாழ்ப்பாணத்து அக்காமார் சொன்னவைதான்.

தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி அளித்து அனுப்புகிறது. அப்பயிற்சியில் ஒரு நாளையாவது பள்ளி அமைப்பை விளக்குவதற்கு ஒதுக்க வேண்டும் என்றும், அயலகத் தமிழர் நல வாரியம் தமிழர்கள் மிகுதியாகச் செல்லும் ஜெர்மன் மாநிலங்களின் பள்ளி விதிகளைத் தனித்தனிக் கையேடுகளாகத் தமிழில் வெளியிட வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். விதிகள் மாறிக்கொண்டேயிருக்கின்றன, ஸ்டுட்கார்ட் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் பெற்றோர் விருப்பத்துக்கே விட்டிருந்த கிம்னாசியச் சேர்க்கையை 2024-25 கல்வியாண்டு முதல் மீண்டும் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஆகவே கையேடுகள் ஆண்டுதோறும் திருத்தப்பட வேண்டும். அப்பணிக்கு, பிள்ளைகளை இப்பள்ளிகளில் படிக்க வைத்த என்னைப் போன்ற பெற்றோர் பலரும் ஊதியம் எதிர்பாராமல் உதவ ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பவேரியா, ஜெர்மனி.